சாயமும் கறுப்பு வட்டமும்

நெய்வேலி நகரியத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியை. பர்மனென்ட். சில வருடங்களுக்கு முன் கான்ட்ராக்டில் ஒரு இளம் ஆசிரியை வந்து சேர்ந்தாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ். வைக்கோல் ஊறிய தண்ணீரில் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர்களை வளர்த்து, பாட்டிலை மடியில் வைத்துக் கொண்டுவருவாள்.

நான் எப்போதும் மெத்திலீன் நீலச் சாயம் போட்டுத்தான் காட்டுவேன். சாயம் ஏறினால் அவை செத்துவிடும். உட்கரு தெளிவாகத் தெரியும், பிள்ளைகள் நிதானமாகப் படம் வரையலாம். அவள் சாயத்தைத் தொடவே இல்லை. கறுப்புத் தாளை வட்டமாக வெட்டி மைக்ராஸ்கோப்பின் விளக்குக்கு மேலே செருகினாள். நடு வெளிச்சம் மறைந்து, பக்கவாட்டு வெளிச்சம் மட்டும் அந்த உயிர்கள்மேல் பட்டது. இருட்டில் ஒவ்வொன்றும் வெள்ளியாய்ச் சுழன்று ஓடியது. நான் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

"மிஸ், உங்க ஸ்லைடுல எல்லாம் செத்துக் கெடக்குது" என்றாள் என் வகுப்பு மாணவி ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

எந்த முறையை வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்க, தலைமை ஆசிரியை இரண்டையும் அருகருகே வைக்கச் சொன்னார்.

அவள் என் கையில் சொட்டுக்குழாயைக் கொடுத்தாள். "நான் பசங்கள வரிசையா அனுப்பிகினு இருக்கேங்க மேடம். லைட்டு சூட்டுல தண்ணி காஞ்சிடும். அப்பப்ப கண்ணாடி ஓரத்துல ஒரு சொட்டு வுடுங்க."

நான் விடவில்லை. குழாயைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன்.

பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பிறகு தலைமை ஆசிரியை குனிந்து பார்த்தார். "என்னம்மா, எல்லாம் வெடிக்குது?"

அவள் ஓடிவந்து லென்ஸ் வழியாகப் பார்த்தாள். தண்ணீர் வற்றி, மூடுகண்ணாடி அழுத்தி, ஒவ்வொன்றாக உப்பி உடைந்துகொண்டிருந்தன. என் சாயத்தில் சாவது தெரியாது. அவளுடைய முறையில் அதுவும் பளிச்சென்று தெரிந்தது.

"தண்ணி வுட்டீங்களா மேடம்?"

"விட்டேனே."

அவள் என் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது.

சாயமே போதும் என்று முடிவானது. கோடை விடுமுறைக்கு முன் தலைமை ஆசிரியை அவளைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். "ஆர்வம் இருக்கு, தயாரிப்பு பத்தாது" என்றேன். கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை.

கடைசி நாள் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "இனிமே பசங்களுக்கு நீங்கதாங்க மேடம்." குரலில் கோபம் இல்லை.

"பஸ் போயிடும், கிளம்பு" என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தேன்.