யூசுப் இக்காவும் சாக்ஸபோனும் சாப்பாட்டு மேஜைகளும்

மற்றவர்கள் சாப்பிடும்போது வாசிப்பது எங்கள் தொழில். வாழையிலையில் பொதிந்து பொள்ளிச்ச கரிமீன் மேஜைக்கு வந்துவிட்டால் அப்புறம் நாங்கள் அந்த அறையில் இருப்பதே யாருக்கும் தெரியாது. கடைசிப் பீரியடில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, பந்தி தொடங்கிய பிறகு வாழ்த்துரை வழங்க மேடையேறியவர்களே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்துக் கட்டிய ஹோட்டலில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். பெயர் சுமதி. அப்பா கார்ப்பரேஷனில் பம்ப் ஆபரேட்டராக இருந்தார். வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். டிரம்ஸ் வாசிக்கும் பிஜுவுக்கு ஊர் பக்கத்திலுள்ள தேவரா. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று சாக்ஸபோன் வாசித்தவர் யூசுப் இக்கா; இக்கா என்றால் இங்கே அண்ணன். அவர் வாசித்தது ஜாஸ். தெரிந்த மெட்டு ஒன்றில் தொடங்கி, அன்றைக்கு மனசு போகிற வழியில் போய், முடிந்தால் திரும்பி வருவது. இக்கா எப்போதும் திரும்பி வந்துவிடுவார். நானும் பிஜுவும்தான் சில நாள் வழியில் நின்றுவிடுவோம்.

ஒன்ஸ் மோர்

நான் சேர்ந்த புதிதில், ஒரு மதியம், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். இப்போது வாசித்ததை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். எங்களை ஒருவர் எழுந்து வந்து கேட்பது அபூர்வம். இக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாக்ஸபோனின் ரீட் பட்டையை நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். மெட்டு அதேதான். ஆனால் நடுவில் அவர் போன வழி முழுக்க வேறு. முதல் தடவை குதித்து ஓடிய இடத்தில் இப்போது நின்று நின்று நடந்தார். எனக்கு இது முன்னதைவிட நன்றாக இருந்தது.

கடைசிவரை பொறுமையாகக் கேட்டவர், இக்காவின் தோளைத் தட்டி ஆறுதலாகச் சொன்னார்: “பரவாயில்லைங்க. மொத தடவை சரியா வந்துச்சு, ரெண்டாந் தடவைதான் கொஞ்சம் தப்பிப் போச்சு.”

சுக்குக் கிடங்கு

இக்காவின் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சங்காடியில் சுக்கு வியாபாரம் செய்யும் ராவுத்தர் குடும்பம். இளவயதில் அவர் ஒரு பயணிகள் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனார். சமையல்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் நடனக் கூடம். தட்டு கழுவிக்கொண்டே கதவிடுக்கில் கேட்ட சாக்ஸபோன் சத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஏதோ துறைமுகத்தில் பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கி, துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்து, தானாகவே ஊதிப் பழகினார். ஊர் திரும்பியபோது கையில் இருந்த ஒரே சாமான் அதுதான்.

அண்ணன் ஹமீது திட்டவில்லை. “ஊது. வீட்லயும் கடைலயும் வேண்டா” என்று மட்டும் சொன்னார். மிஞ்சியது கிடங்கு. சுக்கு மூட்டைகளுக்கு நடுவே தினமும் காலையில் நின்று ஊதுவார். அந்தக் காரத்தில் தும்மல் வராமல் மூச்சை அடக்கப் பழகியதுதான் தன் நீளமான மூச்சுக்குக் காரணம் என்பார். அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டும் அங்கேதான். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் ரொம்ப நாள் கவனித்துவிட்டுச் சொன்னாராம்: “நீங்க ஊத ஆரம்பிச்ச பிறகு கிடங்குல எலியே வர்றதில்ல, முதலாளி.”

கலூரில் ஒரு கல்யாணம்

ஹோட்டலில் வேலையில்லாத நாட்களில் கல்யாணங்களுக்குப் போவோம். கலூரில் ஒரு மண்டபம். மணப்பெண் உள்ளே வரும்போது உருக்கமாக ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள். இக்கா உருக்கம் என்றால் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு உதடு துடித்தது. பெண்ணின் மாமன் மேடையோரமாக வந்து, யாருக்கும் கேட்காமல் காதில் சொன்னார்: “இக்கா, பொண்ணு வருது. போகலை.”

சாயா வழிந்த காலை

ஒரு நாள் காலை இக்கா சாயா குடிக்கும்போது இடது கடைவாயில் வழிந்து சட்டையில் சொட்டியிருக்கிறது. துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தால் மறுபடியும் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி அசையவில்லை. நானும் பிஜுவும்தான் எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும் தேவை, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

இக்கா கேட்டது ஒன்றேதான். குழறிக் குழறிக் கேட்டார்: ஊத முடியுமா? சாக்ஸபோனின் வாய்த்துண்டை உதடுதான் சுற்றிக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் காற்று அந்த வழியாகப் போய்விடும். இதை நான் விளக்கினேன். அந்த டாக்டர் நல்ல மனிதர். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சாப்பிடலாம், பேசலாம், சிரிக்கலாம். ஊதுறதைப் பத்தி நான் படிச்ச புத்தகத்துல ஒண்ணும் இல்ல.”

அண்ணன் சொன்னது

இக்காவின் மனைவி முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அண்ணன் ஹமீது தம்பியைக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் இக்கா ஒரு சுக்குத் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. சாக்ஸபோனை எடுத்தீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஹோட்டலில் மானேஜர் அவர் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை. நானும் பிஜுவும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் ஹமீது என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட வந்தார். தம்பி வாசித்து அவர் ஒரு முறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்: “அவன் ஊதுனப்போ எனக்குத் தலைவலி. இப்போ சும்மா இருக்குறதைக் கண்டா அதைவிட சங்கடமாக்கும். கூட்டிட்டுப் போ மோளே.”

காலி இடம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இக்கா வந்தார். இடது கடைவாய் இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. மூன்று சுரம் ஊதினால் உதடு தளர்ந்து, கதவிடுக்கில் காற்று வருவதுபோல ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். முன்பெல்லாம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியவர். எனக்குப் பதறியது. அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் நான் விழுந்தடித்துக்கொண்டு கீபோர்டால் நிரப்பினேன். இடைவேளையில் என் பக்கம் குனிந்து சொன்னார்: “சுமதி, நீ என்னெக் காப்பாத்த வேண்டா. அங்கே ஒண்ணுமில்லாமக் கிடக்கட்டும்.”

பிறகு நான் கையை எடுத்துவிட்டேன். பிஜுவும் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தான். மூன்று சுரம். அப்புறம் ஒன்றுமில்லை. தூரத்தில் படகு மோட்டார் கேட்டது. அப்புறம் இரண்டு சுரம், தணிந்த குரலில். அந்த இரண்டும் எங்கே வந்து விழும் என்று நானே காத்துக்கொண்டிருந்தேன். அவரோடு இத்தனை வருஷம் வாசித்ததில் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. ஞாயிறுதோறும் வந்து ஒருவருக்கொருவர் பேசாமல் சாப்பிட்டுப் போகும் வயதான தம்பதி ஒன்று உண்டு. அன்றைக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் எங்களிடம் வந்தார்: “முன்னெல்லாம் உங்க வாசிப்புக்கு நடுவுல பேச எடமே இருக்காது. இன்னிக்கு இவரு என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினாரு.”

புதுப் பெண்ணின் கேள்வி

சில வருஷம் இக்கா அப்படித்தான் வாசித்தார். உதடு கொஞ்சம் தேறிய பிறகும் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. போன வருஷம் நோன்புக்கு முன்னால், ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடலைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனபோது நானும் பிஜுவும் வெளியே தெருவில் நின்றிருந்தோம்.

அவர் ஒரு இசைத்தட்டும் போட்டதில்லை. ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம், எதிரே யாரும் சாப்பிடவில்லை என்றால் தனக்கு வாசிக்க வராது என்று தட்டிக் கழித்துவிட்டார். ஆகவே வாடிக்கையாளர்கள் தங்கள் போனில் எடுத்து வைத்திருப்பதை அனுப்பச் சொல்லி மானேஜர் கேட்டுப் பார்த்தார். பிறந்தநாள், திருமண நாள், பென்ஷன் விருந்து என்று வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் முன்னால் யாரோ சாப்பிடுகிறார்கள், பின்னால் இக்கா. இப்போது எங்களோடு சாக்ஸபோன் வாசிப்பவள் ரீட்டா. பெங்களூரில் முறையாகப் படித்தவள். வாசிப்பதற்கு முன்னால் அத்தனையையும் உட்கார்ந்து கேட்டாள். பிறகு எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இவர் நடுவில் நிறுத்துவதெல்லாம் முடியாமல் நிறுத்துவதா, வேண்டுமென்றே நிறுத்துவதா?

பிஜு டிரம்ஸை முறுக்கிச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னான்: “முதல்ல முடியாம. பின்னெ வேணும்னே.”

ஹமீதின் கடையில்

அந்த வீடியோக்களை ஹமீதிடம் காட்டப் போனேன். பார்க்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். கடைப் பையனைச் சாயா வாங்க அனுப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏதோ ஒரு குடும்பம். சின்னப் பெண்ணுக்குப் பிறந்தநாள். பின்னால் மங்கலாக இக்கா. நாலு சுரம் வாசித்துவிட்டு நிறுத்துகிறார். ஹமீது தலையைத் திருப்பிக் காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இக்கா மறுபடி தொடங்கும் நேரம், அந்தக் குடும்பம் முழுக்கக் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாட ஆரம்பித்தது. சாக்ஸபோன் அதற்குள் முங்கிப்போனது.

ஹமீது தன் வயதையெல்லாம் மறந்து போனைப் பார்த்து அதட்டினார்: “அந்தப் புள்ளைக்குக் கேக்கு வெட்ட என்ன அவசரம்? இவன் முடிக்கட்டும்.”

எங்கள் தொழிலில் ஒருவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று தெரிந்துகொள்ள, முன்பின் தெரியாத யாருடைய பிறந்தநாளையோ முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.