ரூல்ஃபின் விளக்குமாறு

ஹைட்ரஜன் பற்றி எரிந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டெல்ஃப்சைல் துறைமுக ஊரின் ஹைட்ரஜன் ஆலையில் குழாய்களுக்கு நடுவே போகும்போது ரூல்ஃப் விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பான். நுனி பற்றிக்கொண்டால் அங்கே வாயு கசிந்து எரிகிறது என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் பிழைப்பு இதுதான்.

பூமிக்கடியிலிருந்து எடுத்த எரிவாயுவை நீராவியோடு உலையில் காய்ச்சினால் ஹைட்ரஜன் வரும். அதைப்போல் பத்து மடங்கு எடைக்குக் கரியமில வாயு புகைபோக்கி வழியாகப் போகும். எரிவாயுவை உறிஞ்சி உறிஞ்சி நிலம் அமுங்கியதில் ஊர் அடிக்கடி குலுங்கியது. ரூல்ஃபின் வீட்டுச் சுவரும் பிளந்தது. மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

மனைவி ஹில்யே தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"வீட்டப் பொளந்த வாயுவயே காய்ச்சிட்டு வந்து எங்கிட்ட காப்பி கேக்குற பாரு! அந்த உலைய விடு, அப்புறம் வர்றேன்."

அவனுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளே மரத்துக் கிடந்தது.

பிறகு ஆலைக்குப் புது இயந்திரம் வந்தது. காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும், புகையே கிடையாது. ரூல்ஃப் தன் வேலையை அதற்கு மாற்றிக்கொண்டு போனில் சொன்னான்.

"நான் இப்ப தண்ணிதான் பிரிக்கிறேன், ஹில்யே."

"நெசமாவா? வியாழக்கிழமை வந்து என் கண்ணால பாக்குறேன்."

அந்த வடகோடிக் கடற்கரையில் காற்றுக்குப் பஞ்சம் என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் வியாழக்கிழமை ஓர் இலைகூட அசையவில்லை. புது இயந்திரத்துக்குத் தீனி இல்லை. ஊர்ப் பேருந்துகள் ஓட ஹைட்ரஜன் வேண்டுமே!

"உலைய மூட்டணும், நீயே போப்பா," என்றார் மேற்பார்வையாளர். ரூல்ஃப் போய் உலையை மூட்டினான்.

'புகை இல்லை, தண்ணீர் மட்டுமே' என்று எழுதிய பேருந்தில் ஹில்யே ஆலை வாசலில் வந்து இறங்கினாள். அண்ணாந்து, புகை கக்கும் புகைபோக்கியைப் பார்த்தாள். ரூல்ஃப் விளக்குமாறும் கையுமாக வெளியே வந்தான்.

"இன்னிக்கிக் காத்து இல்ல."

"காத்து இல்லாத நாளெல்லாம்?"

"உலைதான்."

"போன்ல அதச் சொல்லலியே."

"சொன்னா நீ வரமாட்டியே."

அவள் சத்தம் போடவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரூல்ஃப் ஓரடி எடுத்து வைத்தான். பழக்கதோஷத்தில் விளக்குமாறு முன்னால் நீண்டது.

"பயப்படாத. இங்க பத்திக்க ஒண்ணும் மிச்சமில்ல," என்றாள் ஹில்யே.

வந்த பேருந்திலேயே ஏறிக்கொண்டாள். அது புகையில்லாமல் போயிற்று. நின்றிருந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் சொட்டிக் கிடந்தது. அதை விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு ரூல்ஃப் உலைக்குத் திரும்பினான்.