சார் ருசி பார்த்த மண்

சாரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் நாக்கின் நுனியில் ஒட்டியிருந்த மண்தான். தாவர ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர், விடிந்தும் விடியாததுமாக நிழல்வலைக் கொட்டகைக்குள் குந்திக்கொண்டு, செடித் தொட்டியின் மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அன்றைக்கு முதல் பஸ்ஸில் வந்திருந்தேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தராசுத் தட்டைத் திருப்பிப் பார்க்காமல் மீன்கூட வாங்கமாட்டேன். “உன்னக் கட்டிக்கப் போறவன் இன்னா பாவம் பண்ணானோ” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் சோதனைத் தோட்டத்து வேலைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு நிறுவனம் அந்தத் தோட்டத்தை நடத்தியது. செங்கல்பட்டுக்காரரான சார் அதன் பொறுப்பாளர். அவருக்குக் கீழே நான் ஒருத்திதான். கடற்கரை மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்குமே அடப்பங்கொடி, அதன் இலையிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்திருந்தோம். கொதிக்கும் மணலிலும் உப்புக் காற்றிலும் அந்தக் கொடி தளதளவென்று கிடக்கிறது என்றால் அதற்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கவேண்டும், அதை மற்றச் செடிக்குக் கொடுத்தால் அதுவும் வளரும் என்பது சாரின் எண்ணம். எண்ணம் பலித்தால் அவருக்கு வேலை நிரந்தரம். பலிக்காவிட்டால் கொட்டகையையே மூடிவிடுவோம் என்று சென்னை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

பலித்தது. அதுதான் என் சந்தேகத்துக்கே காரணம். அதற்கு முன்பு எத்தனையோ இலைச் சாறுகளைச் சோதித்திருக்கிறோம். எல்லாவற்றிலும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து உற்றுப் பார்க்கவேண்டும். இந்த முறை வாசலருகே நின்று பார்த்தாலே தெரிந்தது. சாறு ஊற்றிய மிளகாய்ச் செடிகள் மதமதவென்று நின்றன. சாறு ஊற்றாத வரிசை ஓரம் கருகி, இலை சுருண்டு, சீக்குப் பிடித்த கோழி மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. இவ்வளவு நல்ல செய்திக்குச் சார் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்தார். நான் உள்ளே வந்தால் சட்டென்று நிமிர்வார். “நேத்து கொட்டாயிக்குள்ள வேற யாருனா வந்தாங்களா?” என்று கேட்பார். ஒருநாள் சாறு ஊற்றும் தொட்டி ஒவ்வொன்றிலும் மண்மேல் ஒரு சவுக்கு ஊசியிலை கிடந்ததைக் கவனித்தேன். எல்லாம் ஒரே திசையில். காற்று அப்படி அடுக்கிவைக்காது. மடியில் கனம் இருப்பவருக்குத்தான் வழியில் பயம் என்று முடிவுகட்டினேன். வேலைக்காக இந்த மனிதர் யாருக்கும் தெரியாமல் யூரியா போடுகிறார்!

அதனால்தான் அன்று காலை ஒளிந்து நின்றேன். என் அவசரம், மூட்டையில் இடித்துக்கொண்டேன். சார் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நீ இன்னா பண்ற இங்க, இந்நேரத்துல?”

“நீங்க இன்னா சார் பண்றீங்க?”

“நீ யூரியா கீரியா போட்டுகினு கீறியோன்னு பாக்க வந்தேன். தொட்டி மேல சவுக்கு எலயக் கூட வெச்சுப் பாத்தேன், நீ கைய வுட்டா கலைஞ்சிடும்னு.”

“நானா? உங்களப் புடிக்கத்தான் சார் நான் முதல் பஸ்ஸுல வந்துகீறேன்!”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டோம். பிறகு சார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இன்னும் எதையாவது மறைக்கிறாரா என்றுதான் அவர் கையையே பார்த்தேன். “நம்ப மாட்டியே நீ. யூரியா இருந்தா நாக்குல ஜில்லுனு கீறது தெரியும். நீயே வெச்சிப் பாரு” என்றார். வைத்துப் பார்த்தேன். வெறும் மண். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அவரே அடுத்த வரிசைக்குப் போய், கருகிய செடியின் மண்ணைக் கிள்ளி வாயில் போட்டார். உடனே துப்பினார்.

“உப்பு கரிக்குது.”

எங்கள் போர் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் அடப்பங்கொடிச் சாறு பால் போலத் திரிந்துவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே நான் அதைக் கேன் தண்ணீரில் கலந்துதான் ஊற்றினேன். தினமும் அந்தச் செடிகளுக்கு அதுதான் தண்ணீர். அடுத்த வரிசைக்குக் குழாயில் வரும் போர் தண்ணீர். கடலோரத்தில் எந்த வீட்டிலும் இப்படித்தான். கேன் தண்ணீர் குடிப்பதற்கும் சோறு பொங்குவதற்கும், மற்ற எல்லாவற்றுக்கும் போர். சார் வீட்டிலும் அதே பழக்கம், என் வீட்டிலும் அதே பழக்கம். படித்த படிப்பெல்லாம் அந்தப் பழக்கத்தின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு வரிசைக்குச் சாறு கலந்த கேன் தண்ணீர், இன்னொன்றுக்குச் சாறு கலக்காத கேன் தண்ணீர். இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தன. அடப்பங்கொடிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஒருவரை ஒருவர் நம்பியிருந்தால் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஏமாந்திருப்போம்.

சார் அதைச் சென்னையிலிருந்து வந்த மேலாளரிடம் அப்படியே சொன்னார். மேலாளர் கோபப்படவே இல்லை. “நல்ல தண்ணில கலக்கவும்னு பாட்டில்ல அச்சடிச்சிடலாம் சார், வேலை முடிஞ்சிது” என்றார். “அப்போ நம்ம விக்கப் போறது இன்னா?” என்று கேட்டார் சார். மேலாளர், சாறு பலித்தது என்ற அறிக்கையை அவர் முன்னால் தள்ளினார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சார் எழுந்துவிட்டார். அந்த மாதமே அவருக்கு வேலை போயிற்று. கொஞ்ச நாளில் எனக்கும். சார் இப்போது செங்கல்பட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அவரை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

ஏனென்றால் பாட்டில் வந்துவிட்டது. மேலே ஊதாப் பூ, பக்கத்தில் நாங்கள் வளர்த்த அதே மிளகாய்ச் செடியின் படம், அடியில் ‘நல்ல தண்ணீரில் மட்டும் கலக்கவும்’. கேளம்பாக்கத்து ரோட்டோரத்தில் என் அண்ணன் நாற்றுக் கடை போட்டிருக்கிறான். ஃப்ளாட்டுக்காரர்கள் பால்கனிக்குச் செடி வாங்கிப் போவார்கள். போன வாரம் அங்கே போனபோது அந்தப் பாட்டில் அவன் பலகையில் இருந்தது. முழுக் கதையையும் சொன்னேன். காதைக் குடைந்துகொண்டே கேட்டான்.

“வேல போன கடுப்புல பேசுறம்மா நீ. இல்லாங்காட்டி வேற கம்பெனிக்காரன் எவனோ சொல்லச் சொல்லிக்கிறான். போர் தண்ணில ஒண்ணுகூட தேறல எனக்கு. இப்போ பாரு, எப்டி நிக்குதுன்னு கண்ணால பாரு.”

பார்த்தேன். நாற்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன. பக்கத்தில் காலிக் கேன்கள் கவிழ்ந்து கிடந்தன.

“அண்ணா, ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் மருந்து கலக்காம கேன் தண்ணி ஊத்திப் பாரேன். எனக்காக.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“பைத்தியமா நீ? குடிக்கிற தண்ணிய எவனாவது சும்மா செடிக்கு ஊத்துவானா?”