தம்பி போட்ட கறிச்சோறு

எங்க பக்கம் சாவு விழுந்த வீட்டுல கருமாதி முடியிற வரைக்கும் கறி கிடையாது. முடிஞ்சதும் பொறந்த வீட்டு ஆளுக வந்து, தலைக்கு எண்ணெ வச்சுக் குளிக்கச் சொல்லி, கறிச்சோறு போடணும். தாலியறுத்தவளுக்குக் கூடப்பொறந்தவன் கையால விழுந்தாத்தான் அது சோறு. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. எங்க வீட்டுக்காரக போனப்ப அடக்கத்துக்கு வந்து தோள் குடுத்தான், அன்னைக்கே கிளம்பிட்டான். கருமாதிக்கு வரல. லீவு குடுக்கலையாம். கம்பத்துல எங்க தெருவே தம்பி எங்கன்னு கேட்டுச்சு.

அப்புறம் நான் கறியே தொடல. மக மட்டன் கொழம்பு வச்சா, ரசத்த ஊத்திக்கிட்டு எந்திரிச்சிருவேன். பிடிவாதந்தான், இல்லேங்கல.

தம்பி குமுளியில ஒரு பெரிய ஹோட்டல்ல சமையல்காரன். ஹோட்டலுக்குள்ளயே இத்தாலிச் சாப்பாட்டுக் கடை. கறிய முழுத் துண்டா நெருப்புல வாட்டித் தருவாக, அதுக்கு ஸ்டேக்னு பேரு. பங்குனியில போன் பண்ணி, "அக்கா, ஒரு மத்தியானம் இங்கன வா, நான் போடுறேன்"னான். "ஏலே, என் வீட்டு அடுப்பு என்ன அணைஞ்சா போச்சு?"ன்னு கத்திட்டு போன வச்சுட்டேன். மகதான் குமுளி பஸ்ல இழுத்துட்டுப் போனா.

உள்ள ஏசி. மேசையில வெள்ளத்துணி, கத்தி, முள்ளுக்கரண்டி. மலையாளத்துப் பையன் ஒருத்தன் தட்டக் கொண்டாந்து வச்சு, "ஆட்டுக்கறிதான் சேச்சி, ஷெஃப் சொல்லச் சொன்னாரு"ன்னான். நான் கைய மடியிலயே வச்சிருந்தேன். கத்தி பிடிக்கத் தெரியலன்னு நெனச்சு அவனே வெட்டித் தர வந்தான்.

"வேணாம்ப்பா. போட வேண்டியவன் வரட்டும்."

சமையக்கட்டு ஆளுக சாப்பிடுற எடத்துக்கு வரக்கூடாதுன்னான் அந்தப் பையன். "மாமா சமைச்சதுதானேம்மா, ஆறிப்போகுது"ன்னா மக. சமைச்சா ஆச்சா? சமைக்க ஊருல ஆளா இல்ல?

பையன் உள்ள போயிச் சொல்லியிருப்பான் போல, கொஞ்ச நேரத்துல கதவத் தொறந்துக்கிட்டு தம்பியே வந்துட்டான். சூட்டுல மொகமெல்லாம் வேர்வை. கையில ஒரு கிண்ணம் சோறு. அந்தக் கடையில சோறே கிடையாது, வேலையாளுகளுக்கு வடிச்சதுல எடுத்துட்டு வந்திருக்கான். மேனேஜர் மொறைச்சுக்கிட்டு நின்னாரு. தம்பி அவரு பக்கமே திரும்பல. சோத்தத் தட்டுல கொட்டி, கறியக் கையாலயே பிச்சு மேல வச்சான்.

"திட்டுக்கா. என்னைய எம்புட்டு வேணா திட்டு. ஆனா சாப்பிடு"ன்னான். குரல் உடைஞ்சுபோச்சு.

திட்டத்தான் வாயெடுத்தேன். வரல. ஆத்தாடி, அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. இத்தன மாசமும் இவன் மேல கோவம்னு நானும் நெனச்சேன், ஊரும் நெனச்சுச்சு. கோவம் பாதிதான். இந்தச் சோத்தத் தின்னுட்டா துக்கம் கழிஞ்சதுன்னு அர்த்தம். கழியிறது எனக்குப் பிடிக்கல.

தம்பி நின்னுக்கிட்டே இருந்தான். அவனுக்காக ஒரு வாய் எடுத்து வச்சேன். கறி மெத்துன்னு இருந்துச்சு, ஆனாலும் மென்னுக்கிட்டே இருந்தேன். அவன் தண்ணிய நீட்டுனான். குடிச்சு முழுங்கிட்டேன்.

எனக்கு அன்னைக்குத்தான் அவுக செத்தாக.