இட்லித் தட்டில் பஸ் ஏறிய ஜிமிக்கி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதக் காலை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் கரண்ட் வருமாம். முதல் நாளே என் கணவரின் போனுக்குத் தகவல் வந்திருக்கிறது. மனிதர் மறக்காமல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார், என்னிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார். மேடை மேல் வேகாத ஜிமிக்கி இரண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜிமிக்கி வேகுமா என்று நீங்கள் கேட்கலாம். நான் வீட்டில் பாலிமர் க்ளேயில் நகை செய்கிறவள். சப்பாத்தி மாவு போலக் கையில் குழையும் அந்தக் க்ளேயை வேண்டிய உருவத்தில் செய்து, ஓவனில் சுட்டால்தான் கெட்டியாகும். அப்புறம் பெயின்ட் அடித்துக் கொக்கி மாட்ட வேண்டும். ஜிமிக்கியின் குடைக்கு என்னுடைய அச்சு, சமையலிலிருந்து ஓய்வு கொடுத்த ஒரு மினி இட்லித் தட்டு. அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவி, குழிகளின் முதுகில் க்ளேயைப் போர்த்திவிட்டால் குடை தயார்.

இந்த ஜோடி ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. வேடசந்தூர் பக்கம் மில்லில் வேலை பார்ப்பவள். சின்ன வயதில் தம்பி கம்மலைப் பிடித்து இழுத்ததில் அவளுடைய வலது காது அறுந்து, தையல் போட்டிருந்தார்கள். அதன்பிறகு ஒரு பொட்டுத் தோட்டுக்கு மேல் அந்தக் காது எதையும் தாங்கியதில்லை. "அக்கா, ஜிமிக்கி நல்லா பெருசா இருக்கணும். ஆனா காதுல கெடக்குறதே தெரியக் கூடாது. ஒரு நாளாச்சும் தலையை ஆட்டிப் பாக்கணுங்க்கா" என்று கேட்டிருந்தாள். முதலில் செய்த ஜோடி கனத்தது. போட்டுப் பார்த்தவள் முகம் சுருங்கியதை என்னால் தாங்க முடியவில்லை. மறுபடி அப்பளம் போல மெல்லிசாகச் செய்தேன். என்னிடம் இருந்த சந்தன நிற க்ளே அதோடு தீர்ந்தது. மறுநாள் காலையில் கல்யாணம். வத்தலக்குண்டு பக்கம் மாப்பிள்ளை ஊர் மாதா கோயிலில் கல்யாணப் பூசை. அதனால் கரண்ட் போன அன்று சாயங்காலமே பெண் வீட்டார் வேனில் கிளம்பிவிடுவார்கள்.

சின்னாளப்பட்டியில் இருக்கும் என் தோழிக்கு போன் போட்டேன். அவளிடம் ஓவன் உண்டு, கரண்டும் இருந்தது. "பேசிக்கிட்டு நிக்காம கெளம்பி வாடி" என்றாள். துணி பட்டாலும் தடம் விழுந்துவிடும் என்பதால், இட்லித் தட்டை மூடாமலே கையில் ஏந்திக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

ஜன்னலோரத்தில் சேலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். செத்த நேரம் தட்டையே பார்த்தார். "ஏந்தாயி, ரெண்டே ரெண்டு இட்லியவா இம்புட்டுப் பத்திரமா கொண்டு போற? யாருக்குப் பத்தும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் முன் சீட்டுக்குச் சொல்ல, முன் சீட்டு அதற்கு முன் சீட்டுக்குச் சொல்ல, பஸ் முழுவதும் செய்தி பரவியது. நின்றுகொண்டிருந்தவர்கள் என்னைச் சுற்றி வேலி போட்டார்கள். கண்டக்டர் தன் பங்குக்கு, "அண்ணே, பாத்து ஓட்டுங்க. கல்யாணப் பொண்ணு ஜிமிக்கி வருது" என்று குரல் கொடுத்தார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். தட்டிலிருந்து ஒரு ஜிமிக்கி வழுக்கிப் பறந்தது. பக்கத்து அம்மா மூட்டையை விட்டுவிட்டு, பாய்ந்து அதைக் கையில் பிடித்தார். பஸ்ஸில் கைதட்டல்.

அவர் விரலைப் பிரித்தபோது குடை நசுங்காமல் இருந்தது. ஆனால் மேலே மூன்று விரல்களின் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. "அய்யய்யோ, காப்பாத்துறேன்னு கெடுத்துப்புட்டேனே தாயி" என்று அவர் கலங்கிவிட்டார். தேய்த்துச் சரி செய்யலாம் என்றால் அவ்வளவு மெல்லிசில் கிழிந்துவிடும். புதிதாகச் செய்யக் க்ளே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, "தரையில விழாம இருந்துச்சே, அதுவே போதும்மா" என்றேன்.

அவருக்கும் சின்னாளப்பட்டிதான். இறங்கியதும் அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. மூட்டையோடு என் பின்னாலேயே தோழி வீட்டுக்கு வந்துவிட்டார். என் தோழியோ, கேக் சுடும் ஓவனில் வாடை ஏறிவிடும் என்று புலம்பியபடியே தட்டுக்கு மேல் அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கட்டினாள். அந்த அம்மா ஓவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சா?" என்றார்.

சுட்டு எடுத்து, ஆறியபின் தங்க நிறப் பெயின்டைத் தொட்டு வைத்தேன். ரேகைக்குள் இறங்கிய பெயின்ட் சன்னச் சன்னக் கோடுகளாக மின்னியது. நான் எந்தத் தூரிகையாலும் அப்படிக் கோடு இழுத்ததில்லை. அந்த அம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

வேன் கிளம்புவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் பெண்ணிடம் சொன்னேன். பிடிக்காவிட்டால் கனமான பழைய ஜோடியும் பையில் இருக்கிறது என்றேன். அவள் ரேகை பதிந்ததைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அதை உள்ளயே வைங்கக்கா. யாரோ ஒருத்தவுக என் ஜிமிக்கியத் தாவிப் புடிச்சிருக்காக. இது என் வலது காதுக்கு" என்றாள்.

மறுநாள் நானும் கல்யாணத்துக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "தங்கச்சி, செத்த ஆடாம நில்லும்மா" என்று போட்டோகிராபர் கெஞ்சினார். அவள் கேட்டால்தானே! அவளுடைய அம்மா அடிக்கடி கிட்டே வந்து மகளின் வலது காதைத் தொட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் என்னைத் தனியே இழுத்துப்போய், அந்தக் கோட்டு டிசைனிலேயே தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அது எனக்கு வராது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை, தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்றும் யாராவது என் நகையைப் பார்த்து, "எல்லாம் நீங்களே உங்க கையால செஞ்சதா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல வாய் வருவதற்கு முன்னால், ஓடும் பஸ்ஸில் காற்றில் நீண்ட அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.