மெட்டு வரும், கட்டை தெரியாது

ஆர்டருக்குப் பாட்டு எழுதுகிற தொழிலில் ஒரு வசதி: பாட்டு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்கிறவருக்கும் தெரியாது, எழுதுகிறவருக்கும் தெரியாது. புளியங்கூடல் என்ற ஊரில் இருந்துகொண்டு பிறந்தநாள், தேர்த்திருவிழா, கலியாணம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் பாட்டுச் செய்து கொடுக்கிறேன். சொல்லும் என்னுடையது, மெட்டும் என்னுடையது. ஆனால் நாற்பத்தொரு வயதுவரை சங்கீதம் என்று ஒரு எழுத்துப் படித்ததில்லை. குளிக்கும்போது அருமையான மெட்டு வந்து, அதை இன்னொருவருக்குப் பாடிக் காட்டப்போய் முழித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

வீடு மாறுதல்

முதல் பெரிய பாட்டு, கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் ஊர்க் கோயில் தேருக்குக் கேட்டது. அதைத் தூக்கிக்கொண்டு கரம்பொன்னுக்கு நெல்சனிடம் போனேன். நெல்சன் கிழமை நாட்களில் படகு எஞ்சின் திருத்துவார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கீபோர்ட் வாசிப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கையில் இருந்த கிறீசைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எத்தினை கட்டை அக்கா?" என்றார். எந்தச் சுருதியில் பாடப்போகிறேன் என்று கேட்கிறார் என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. "சரி, பாடுங்கோ, பிடிக்கிறன்" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினேன். இரண்டாம் வரியில் அவர் கை இரண்டு கட்டை தள்ளிப் போனதாம். நாலாம் வரியில் கீபோர்டின் மறுகரைக்கே போய்விட்டதாம். நான் கண்ணைத் திறந்தபோது நெல்சன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு வடிவாயிருக்கு அக்கா. ஆனா நீங்கள் வரிக்கு வரி வீடு மாறுறியள், நான் சாமானைத் தூக்கிக்கொண்டு பின்னால ஓடுறன்."

ஒரு வயதுப் பிள்ளை

அன்றைக்கே அவரிடம் படிக்கத் தொடங்கினேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பதே எனக்குப் பெரிய புதினம். கைபேசியில் ஒரு கீபோர்டை இறக்கி, பஸ்ஸில் போகும்போதும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் லண்டனில் இருந்து ஒரு தாய், மகளின் முதல் பிறந்தநாளுக்குப் பாட்டுக் கேட்டார். கேக், பலூன், புதுச்சட்டை எல்லாம் வைத்து எழுதி, நானே பாடி அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். பாட்டைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் அழுதார்களாம். சந்தோசத்தில் என்று நினைத்து நான் நன்றி சொல்லப்போக, "இல்லை அக்கா, ஆரோ செத்த மாதிரிக் கிடக்கு" என்றார். நெல்சனிடம் ஓடினேன். "இது மைனர் அக்கா, சோகத்துக்குரிய சுரவரிசை" என்று சொல்லி, க, த, நி மூன்றையும் பக்கத்துக் கட்டைக்கு உயர்த்தி மேஜரில் வாசித்தார். அதே சொல், அதே மெட்டு, ஆனால் பாட்டுச் சிரிக்கிறது! மூன்றே சுரம்தான். அப்படியே பாடி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது: "இதுதான் அக்கா பிறந்தநாள். மற்றதையும் அழிச்சுப் போடாதேங்கோ, எங்கட பெரியப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு."

ஒன்பதாவது ஆள்

சுருதி பிடிபட்டது என்று நான் தலையை நிமிர்த்தினபோது தாளம் வந்து குட்டியது. நயினாதீவில் ஒரு பஜனைக் குழுவுக்குப் பாட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். எட்டு எண்ணிக்கைத் தாளம். முதல் இரண்டு வரியும் ஒழுங்காக ஓடியது. மூன்றாவதில் மிருதங்கக்காரர் கையைத் தூக்கிவிட்டார். திருப்பிப் பாடச் சொன்னார், விரலில் எண்ணினார். ஒன்பது.

"தங்கச்சி, இந்த வரியில ஒரு ஆள் கூட ஏறியிருக்கிறார். இறக்கி விடுங்கோ, வள்ளம் தாழப்போகுது."

பிலோமினா அக்கா

அந்தப் பஜனைப் பாட்டில் 'அந்த' என்ற ஒரு சொல்லை இறக்கிவிட்டதும் வள்ளம் ஓடியது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் விரல்விட்டு எண்ணாமல் நான் கொடுப்பதில்லை.

நெடுந்தீவில் இருந்து பிலோமினா அக்கா அழைத்தது அதன் பிறகுதான். குறிகட்டுவானில் படகேறிப் போனேன். மாடு வளர்க்கிற குடும்பம். அக்கா முந்தித் தேவாலயத்தில் முதல் குரல் பாடியவர். கழுத்தில் சத்திரசிகிச்சை செய்த பிறகு ஆறு வருடமாக வாய் திறந்து பாடவில்லை. இப்போது மகளுக்குக் கலியாணம். விருந்தில் தாய் ஒரு பாட்டாவது பாடவேண்டும் என்று மகள் பிடிவாதம். பழைய பாட்டு எதையும் பாட ஏலாது, எல்லாம் மேலே போகும்.

அவருக்கு எது சுகமான அடிச்சுரம் என்று கைபேசியில் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக மேலே போகச் சொன்னேன். ச, ரி, க, ம, ப. அடுத்ததற்கு மூச்சு மட்டும் வந்தது. "பாத்தீரே, இவ்வளவுதான்" என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தேத்தண்ணி போடுகிற சத்தமே கேட்கவில்லை. சும்மா நிற்கிறார் என்று தெரிந்தது. முந்தின நானென்றால் என் வாய்க்கு வந்தபடி ஒரு மெட்டைக் கொடுத்து, அவரால் பாட முடியவில்லை என்று பழியையும் அவர் மேலேயே போட்டிருப்பேன்.

ஐந்து சுரத்துக்குள் எழுதினேன். முதலில் எழுதியது ஒப்புவிக்கிற வாய்ப்பாடு மாதிரி இருந்தது. உயரப்போக இடமில்லையென்றால் நீட்டலாம், நிறுத்தலாம், ஒரு எண்ணிக்கை காத்திருந்து தொடங்கலாம் என்று மூன்றாம் முறைதான் பிடிபட்டது.

விருந்துக்கு நெல்சனும் கீபோர்டோடு வந்தார். பிலோமினா அக்கா இரண்டாம் வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டார். நெல்சன் வாசிப்பதை நிறுத்தவில்லை. தொடக்க வாசிப்பையே இன்னொரு சுற்று வாசித்தார். அது முடிகிற இடத்தில் அக்கா வந்து சேர்ந்தார். கடைசி வரை பாடினார். மணப்பெண் முகப்பூச்சு கரைய அழுதாள்.

நான் கிட்டப் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார். "சின்னவனுக்கு ரெண்டு வருசத்தில கலியாணம். அதுக்குள்ள நான் ஆறாவது சுரத்தைப் பிடிச்சிடுவன், நீர் இப்பவே எழுதத் தொடங்கும்."

சங்கீத இலக்கணம் படித்ததால் எனக்குக் கிடைத்த லாபம் என்னவென்றால், முந்தி அரை நாளில் எழுதி முடித்த பாட்டுக்கு இப்போது இரண்டு கிழமை எடுக்கிறது, பிழை எங்கே இருக்கிறதென்று தெரிகிறபடியால்.