பார்ப்பதில் பாதி

விற்றுவிட்ட கல்லின் படத்தை மட்டும் வைத்திருப்பவனிடம் உண்மையில் என்ன இருக்கிறது? கோஸ்டா வ்ரெட்டோஸைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவரிடம் கேட்டிருந்தால் மூக்கைச் சொறிந்துகொண்டு காப்பி வைக்க எழுந்து போயிருப்பார். கேள்விகளை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற மனிதர் இல்லை அவர்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கிற எங்கள் ஊர் கூபர் பெடியில், ஓப்பல் என்கிற ரத்தினக்கல்லைத் தோண்டிய எல்லோரையும் போலத்தான் அவரும் வாழ்ந்தார். தோண்டியதை விற்றார். விற்றதில் டீசல் வாங்கினார். அந்த டீசலைப் போட்டு மறுபடியும் தோண்டினார். முதுகு இனி முடியாது என்றபோது நிறுத்திக்கொண்டார். அத்தனை வருட உழைப்புக்கு அடையாளமாக வீட்டில் ஒரு கல்கூடக் கிடையாது. மெர்ல் எடுத்த படங்கள் மட்டும் இருந்தன.

மெர்ல் அவர் மனைவி. கல் வாங்குகிறவர்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் நனைத்து, வாசலில் வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் கறுப்புத் துணிமேல் வைத்துப் படம் எடுப்பார். ஆரம்பத்தில் ஃபிலிம், பிறகு டிஜிட்டல். ஃபிலிமில் இருந்தவற்றையெல்லாம் பின்னாளில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார். அவை நல்ல படங்களா என்று கேட்டால், சில நல்ல படங்கள் என்பேன். ஓப்பலைப் படத்தில் பிடிப்பது கடினம். கல்லைத் திருப்பும்போது ஓடுகிற பச்சையும் சிவப்பும் படத்தில் ஓடாது.

அந்தக் கற்களில் பாதி இன்னொருவருடையவை. ஆன்டே க்ர்னிச் கோஸ்டாவின் கூட்டாளி. அவர்களுக்குள், இங்கே பல கூட்டாளிகளுக்குள் இருப்பதுபோல, எழுதாத ஒரு முறை இருந்தது. எந்தக் கல்லும் விலைக்குப் போகும் முன் இருவரும் அதை நாக்கால் நனைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அவசரமே இல்லாமல் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு.

ஆன்டே மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக அடிலெய்டு நகரத்துக்குப் போயிருந்த வாரத்தில் கோஸ்டாவுக்கு ஒரு கல் கிடைத்தது. உள்ளே தீ வைத்ததுபோல் சிவப்பு. வாங்க வந்தவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கோஸ்டா கொடுத்துவிட்டார். பணத்தில் சரிபாதி அன்றைக்கே ஆன்டேயின் கணக்குக்குப் போனது. ஆன்டே ஊன்றுகோலோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"காசுல என் பாதி வந்துச்சு, பங்காளி. பார்க்குறதுல என் பாதி எங்க?"

"கல்லைத் திங்கவா போற? காசுதான் வந்துச்சுல்ல" என்றார் கோஸ்டா.

மெர்ல் எடுத்த படம் அப்போது கேமராவிலேயே இருந்தது. கையை நீட்டி எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஆன்டேயும் கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. வெயிலுக்குத் தப்ப இந்த ஊரில் பலரும் செய்வதுபோல, இரண்டு பேருடைய வீடுகளும் ஒரே குன்றில் குடைந்தவை. நடுவே ஒரு பாறைச் சுவர்தான். ஆன்டே ஆணி அடித்தால் கோஸ்டாவின் அலமாரியில் கோப்பைகள் லேசாக ஆடும். அப்படியே வருடங்கள் போயின.

மெர்லின் பழைய கணினி திணற ஆரம்பித்தபோதுதான் படங்களை எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தது. இணையத்தில் எங்காவது ஏற்றிவிடலாம் என்று மகள் எலேனி அடிலெய்டிலிருந்து சொன்னாள். எங்கள் ஊர் இணைய வேகத்தில் அது முடிவதற்குள் அடுத்த கோடை வந்துவிடும். அதோடு கோஸ்டாவுக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. முகம் தெரியாத எவனுடைய இடத்திலோ தன் கற்களை ஏன் வைக்க வேண்டும் என்றார். "உன் கல்லா? அதை எப்பவோ வித்தாச்சு" என்றார் மெர்ல்.

கடைசியில் பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற குவெண்டாவிடம் போனார்கள். உள்ளங்கை அளவுள்ள ஒரு சின்னக் கணினி, இரண்டு ஹார்டு டிஸ்க், டிஸ்க்குகளுக்குத் தனி மின்சாரம் கொடுக்க ஒரு அடாப்டர், இவ்வளவு போதும் என்றார் அவர். இரண்டு டிஸ்க்கையும் கண்ணாடியும் பிம்பமும்போல இணைத்துவிடலாம். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். கோஸ்டாவுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்வது அவருக்குப் பழக்கமான விஷயம்தான்.

தானே கட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். நிரலைச் சின்ன மெமரி அட்டையில் ஏற்றுவது, விசைப்பலகையில் ஒற்றை விரலால் கட்டளை அடிப்பது என்று நாட்களைச் செலவழித்தார். மற்றவர்கள் கேபிளோடு மல்லுக்கட்டுவார்கள். இவர் பாறையோடு மல்லுக்கட்டினார். குடைந்த வீட்டில் வைஃபை ஒரு அறையைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகாது. ஓப்பல் இருக்கிறதா என்று சோதிக்கப் பயன்படுத்திய நீளமான துளைக்கருவியை மறுபடி வெளியே எடுத்து, சமையலறையிலிருந்து பின்னறைக்கு ஓட்டை போட்டார். கேபிளை நுழைத்து மறுபக்கம் இழுத்தபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை மெர்ல் பல வருடங்களாகப் பார்த்திருக்கவில்லையாம். "கல்லு கிடைச்ச மாதிரி இளிச்சுக்கிட்டு நின்னான்" என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் ஊர்க்காரன் செய்யக்கூடிய தவறையும் உடனே செய்தார். இங்கே எல்லோருக்கும் எதிரி தூசிதான். உள்ளே எப்போதும் குளுமை என்பதால் சூட்டைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. பழைய வெடிமருந்து மரப்பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் வைத்து, ஓரமெல்லாம் பசை பூசி, ஒரு துகள்கூட நுழையாதபடி மூடினார். இரண்டாம் நாள் அது தானாக அணைந்தது. திறந்தபோது ரொட்டி சுட்ட அடுப்புபோல் இருந்தது. பிறகு பக்கவாட்டில் துளை போட்டு, சின்ன மின்விசிறி வைத்து, தூசி நுழையாமலிருக்கத் துளைகளின்மேல் மெர்லின் பழைய காலுறையை இழுத்து ஒட்டினார். "என் காலுக்கு இல்லாத மரியாதை உன் டப்பாவுக்கு" என்றார் மெர்ல்.

படங்கள் எல்லாம் ஏறின. பழைய கணினி குப்பைமேட்டுக்குப் போனது. கேமரா அட்டைகளைத் துடைத்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கும்போது வேறெங்கும் எதற்கு என்பது கோஸ்டாவின் எண்ணம்.

சில வாரம் கழித்து, புதிதாக வாங்கிய மடிக்கணினியில் ஒரே பெயருடைய கோப்புறை இரண்டு இடத்தில் தெரிவதைப் பார்த்தார். ஒன்று அவர் முதலில் போட்ட இணைப்பு வழியாக, மற்றொன்று பின்னால் போட்ட இணைப்பு வழியாக. நகல் ஒன்று வீணாக இடத்தை அடைக்கிறது என்று நினைத்து ஒன்றை அழித்தார். அடுத்ததும் காலியாக இருந்தது. வாழ்நாளெல்லாம் ஒரே சுரங்கத்துக்கு இரண்டு குழி வழியாக ஏறி இறங்கியவர்தான். ஆனாலும் இரண்டு வாசலும் ஒரே அறைக்குள் திறக்கின்றன என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. பிம்பம் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. இங்கே அழிந்தது அங்கேயும் அழிந்தது.

மெர்ல் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தச் சிவப்புக் கல்லும் அதுலதான் இருந்துச்சு" என்றார். "என்னைக்காவது ஆன்டே பார்ப்பான்னுதான் பத்திரமா வச்சிருந்தேன். இனிமே அவன் வந்து கேட்டாலும் குடுக்குறதுக்கு எதுவும் இல்ல."

கோஸ்டா எழுந்தார். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குவெண்டா வீட்டுக்கு நடந்தார்.

குவெண்டா முதலில் கேட்டது, அழித்த பிறகு அதில் எதையாவது எழுதினீர்களா என்பதுதான். இல்லை என்றார். அப்படியானால் வழி இருக்கிறது என்று குவெண்டா விளக்கினார். அழிப்பது என்றால் பெயர்ப்பலகையைப் பிடுங்குவதுதான். மேலே வேறொன்றை எழுதும்வரை உள்ளே இருப்பது கிடக்கும். பெயரும் வரிசையும் திரும்ப வராது. படங்கள் வரலாம், சில சிதைந்தும் வரலாம்.

கோஸ்டா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கழிச்சுக் கொட்டுன மண்ணைக் கிளறணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா மெதுவா."

இந்த ஊரில் அது யாருக்கும் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. குழியிலிருந்து வாரிக் கொட்டிய மண்மேட்டில் உட்கார்ந்து, விட்டுப்போன கல்லைத் தேடியே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். குவெண்டா ஒரு டிஸ்க்கை வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் தேடலை ஓடவிட்டார். நாள் கணக்கில் ஓடியது. முடிவில் மேடுபோல் குவிந்து கிடந்தது: ஆயிரக்கணக்கான படங்கள், எண்களே பெயர்கள், கல்யாணமும் கல்லும் நாயும் லாரியும் கலந்து. மெர்ல் என்றைக்கோ வேண்டாமென்று அழித்த மங்கலான படங்களும் எழுந்து வந்திருந்தன. சிலவற்றில் மேல்பாதி மட்டும் இருந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம்.

கணவனும் மனைவியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒரு பக்கம் அவருடைய ஆலிவ் கிண்ணம், மறுபக்கம் மெர்லின் தேநீர். எந்தக் கல் எந்தக் குழியில் கிடைத்தது என்று கோஸ்டா சொல்ல, மெர்ல் பெயர் அடித்தார். நிறைய கற்களுக்கு இருவரும் இரண்டு கதை சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று தீர்க்க மூன்றாவதாக ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

சிவப்புக் கல் ஒரு மதியத்தில் வந்தது. முழுசாக வந்தது. கோஸ்டா மவுஸின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இதை ஒரு தாள்ல அச்சடிச்சு அவன்கிட்ட குடுத்துரு, கோஸ்டா. போதும்" என்றார் மெர்ல்.

"அடுத்ததைப் போடு" என்றார் கோஸ்டா.

எல்லாவற்றையும் மறுபடி பெட்டிக்குள் ஏற்றியதும் குவெண்டா வந்து பார்த்தார். பிம்பமாக வைப்பது டிஸ்க் சாவதற்குத்தான் மருந்து, கை தவறுவதற்கு இல்லை, வீடே இடிவதற்கும் இல்லை என்றார். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் ஒன்றுக்குச் சமம். மூன்றாவதாக ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். எலேனியிடம் கொடுத்துவிடலாம் என்றார் மெர்ல். அடுத்த முறை வரும்போது புது டிஸ்க் வாங்கி வருவதாக எலேனியும் சொன்னாள். கோஸ்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலை மெர்ல் கடைக்குப் போயிருந்தபோது அவர் பெட்டியைத் திறந்தார். இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றைக் கழற்றினார். படம் எடுக்கக் கல்லை வைக்கிற கறுப்புத் துணியில், முன்பெல்லாம் கல்லைச் சுற்றுவதுபோலவே அதைச் சுற்றினார். குன்றைச் சுற்றிக்கொண்டு போய் ஆன்டேயின் கதவைத் தட்டினார். ஆன்டே திறந்தார். எதிர்வீட்டுக்காரர் வேலியருகே நின்று பார்த்ததைத்தான் எனக்குச் சொன்னார்: வார்த்தை எதுவும் காதில் விழவில்லை, ஒருவர் நீட்டினார், மற்றவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், கதவு மூடியது.

அன்று பிற்பகல் ஆன்டே, கையில் துணிப்பொட்டலத்தோடு, இதை எப்படித் திறந்து பார்ப்பது என்று குவெண்டாவிடம் போய்க் கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று குவெண்டா கேட்டதற்கு, "என்னோடது" என்றார்.

எலேனி சொன்னபடி புது டிஸ்க்கோடு வந்தாள். காலியாக இருந்த இடத்தில் அதைப் பொருத்திவிடலாம் என்றாள். கோஸ்டா வேண்டாம் என்றார். அதை வேறு எதற்காவது வைத்துக்கொள், அல்லது அடிலெய்டுக்கே எடுத்துப் போ என்றார். அவள் ஏன் என்று கேட்டாள். மெர்ல் கேட்டார். அந்தப் பக்கம் வந்தபோது குவெண்டாவும் கேட்டார். கோஸ்டா காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்.

இப்போதும் தினமும் காலையில் மடிக்கணினியைத் திறந்தால், ஜோடியில் ஒரு டிஸ்க்கைக் காணவில்லை, உடனே மாற்றவும் என்று மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. கோஸ்டா அதை ஒருமுறை படித்துவிட்டு மூடுகிறார். அந்த இடத்தில் வேறொன்றை அவர் இதுவரை வைக்கவில்லை.